தொண்டைக்குக் கீழே

இளங்கோவன் வாயில் வாங்கியதையெல்லாம் துப்பிவிடுகிற ஆள் என்பது அந்த ஓட்டலில் எல்லோருக்கும் தெரியும். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வருவதற்கு முன்னால், நாக்கு சுத்தமாக இருக்கும் முற்பகல் நேரத்தில், சமையற்கட்டை ஒட்டிய பான்ட்ரியின் மூலையில் நின்று அன்றைக்குத் திறக்க வேண்டிய ஒயின் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒரு மடக்கு வாங்கி, இரண்டு கன்னத்துக்கும் அனுப்பி, பல்லிடுக்கில் கொஞ்சம் காற்றை உறிஞ்சி, பக்கத்தில் வைத்திருக்கும் எவர்சில்வர் சொம்பில் துப்புவார். பிறகு வெறும் தண்ணீரில் கொப்பளித்து அதையும் துப்புவார்.

"அந்த பாட்டில் விலைய நெனச்சா எனக்கு எச்சி துப்பக்கூட மனசு வராது. நீ இன்னாண்ணா, குழாயடியில பல் வெளக்கினா மாதிரி துப்பற" என்பான் பாரில் வேலை செய்த பரத். இளங்கோவன் சிரித்துவிட்டுச் சொம்பைக் கழுவி வைப்பார்.

அந்தத் துப்பலுக்கு ஒரு காரணம் இருந்தது. எம்.ஜி. ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஓட்டலில் தொண்ணூற்றொன்றில் விருந்துக் கூடத்துத் தட்டு எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வருஷம் ஸ்ரீராம்புரத்துக்குப் பெண் பார்க்கப் போனார்கள். ஜானகியின் அப்பா அதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான் போயிருந்தார். பாக்கெட் சாராயம். கண் மஞ்சளாகி, வயிறு பானையாகி, கட்டிலிலேயே கிடந்து போனார். பெரியவர்கள் சீர் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் காப்பி கொண்டுவந்த ஜானகி நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"ஓட்டல்ல பாட்டில் தூக்கறது உங்க வேல. அதுல நான் ஒண்ணும் சொல்லல. ஆனா தொண்டைக்குக் கீழ ஒரு சொட்டு போகக்கூடாது. போகும்னா இப்பவே சொல்லிடுங்க, நாங்க வேற எடம் பாத்துக்கறோம்."

போகாது என்று இளங்கோவன் சொன்னார். அவருக்கு அது கஷ்டமான வாக்கும் இல்லை. தங்கவயலிலிருந்து பிழைப்புக்கு வந்த பௌத்தக் குடும்பம் அவருடையது. போதை தருவதை விலக்குவது ஐந்தாவது சீலம் என்று நடக்கப் பழகும்போதே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சில வருஷம் கழித்து ஒயின் பாட்டில்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்தது. சுவை தெரியாமல் அதைச் செய்ய முடியாது. அவர் வீட்டுக்கு வந்து ஜானகியைத்தான் கேட்டார். அவள் சோறு வடித்துக்கொண்டே யோசித்து, "வாய் வேற, தொண்ட வேற. துப்பிட்டு வாங்க" என்றாள்.

அப்படித்தான் அவர் கற்றுக்கொண்டார். யாரும் வகுப்பெடுக்கவில்லை. பாட்டிலின் முதுகில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படிப்பார். புரியாததை வெள்ளைக்கார விருந்தாளிகளிடம் கேட்பார். அவர்கள் சொல்லும் பழங்களில் பாதியை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆகவே தனக்குத் தெரிந்த வாசனைகளை வைத்து அடையாளம் பிடித்தார். அவருக்கு ரொம்பவும் பிடிபட்டது சர்க்கரை துளியும் இல்லாத, புளிப்பு முன்னால் நிற்கிற வெள்ளை ஒயின். கண்ணாடிக் கோப்பையைச் சாய்த்துப் பார்த்தால் வைக்கோல் நிறத்தில் லேசாகப் பச்சை ஓடும். மோந்தால் கப்பன் பார்க்கில் புல் வெட்டின மறு நிமிஷம் போல இருக்கும். அதற்கடியில் செங்காயாக இருக்கிற கொய்யா, கீறின பச்சை மிளகாயின் காரமில்லாத வாசனை. வாயில் வாங்கினால் நாக்கின் இரண்டு ஓரமும் கூசி எச்சில் ஊறும். ஊறவில்லையென்றால் அந்த பாட்டில் செத்துவிட்டது. அதிகமாகக் குளிர வைத்தால் வாசனை எல்லாம் உறைந்துபோய் வெறும் புளிப்பு மட்டும் நிற்கும் என்பதையும் அவரே கண்டுபிடித்து, பனிக்கட்டி வாளியில் எவ்வளவு நேரம் வைப்பது என்று கைப்பழக்கத்தில் கொண்டுவந்தார். நாளாவட்டத்தில் விருந்தாளிகள் பெயர் சொல்லி அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிட்டால் அவர் முதுகு தானாக நிமிரும்.

அவர் குடியிருந்த ஜீவனஹள்ளியிலும் அவருக்கு ஒரு நிமிர்வு இருந்தது. அங்கே சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு கூடத்தில் பௌத்த சங்கம் ஞாயிறுதோறும் கூடும். முன்னால் புத்தர் சிலை, சுவரில் அம்பேத்கர் படம், ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். இளங்கோவன் ஒவ்வொரு சீலமாகச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். சாராயத்துக்கு நடுவில் வேலை செய்துகொண்டு ஒரு சொட்டுக் குடிக்காதவர் என்பதால்தான் அந்த இடம் அவருக்குக் கொடுக்கப்பட்டது.

அந்த இடத்தில் நின்று அவர் ஒரு காரியம் செய்திருந்தார். எதிர் வரிசை வீட்டுக் கோவிந்தப்பா கார்ப்பரேஷனில் குப்பை வண்டி ஓட்டுகிறவன். குடியை விட்டுவிட்டேன் என்று சங்கத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னவன். ஒரு வைகாசி பௌர்ணமியன்று புத்தர் படம் வைத்த பூந்தேரை இழுக்க அவன் கை வைத்தபோது, இளங்கோவன் அவன் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். பாக்கு, அதற்கடியில் ஏலக்காய், அதற்கும் அடியில் பாக்கெட் சாராயம். பழகின மூக்கு ஒவ்வொரு அடுக்காகப் பிரித்தெடுத்துவிட்டது.

"ஏலக்கா மென்னா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? கையை எடு" என்றார்.

தெருவே பார்த்தது. கோவிந்தப்பா கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு பின்னால் போய்விட்டான். அவன் பெண்டாட்டி முத்தம்மா தலையைக் குனிந்துகொண்டு தேருக்குப் பின்னாலேயே நடந்தாள். செய்தது சரி என்றே இளங்கோவன் வெகு நாள் நினைத்திருந்தார்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் இருக்கும். நம் ஊர்த் திராட்சையிலேயே செய்த, இனிப்பில்லாத வெள்ளை ஒயின் ஒன்று ஓட்டலுக்கு வர ஆரம்பித்தது. அதை வைத்து ஒரு விருந்து, ஒவ்வொரு பதார்த்தமும் அந்த ஒயினோடு சேருவதாக இருக்க வேண்டும் என்று மேனேஜர் ஹெர்பர்ட் தீர்மானித்தார். ஹெர்பர்ட் குக் டவுன்காரர், ஆங்கிலோ இந்தியர், தமிழும் இங்கிலீஷும் ஒரே மூச்சில் வரும்.

"இளங்கோ, உன் நாக்கை நம்பித்தான் மேன் இறங்கறேன். எது சேரும், எது சேராதுன்னு நீயே சொல்லிடு."

சமையற்கட்டிலிருந்து தட்டுத் தட்டாக வந்தது. இளங்கோவன் தன் வழக்கப்படியே செய்தார்: மீனைக் கடித்து, மென்று, விழுங்கி, பிறகு ஒயினை வாயில் வாங்கி, சுற்றி, துப்பினார். முதல் பதார்த்தத்துக்கு அவர் பொறுக்கியது பங்குடே வறுவல். தமிழ்நாட்டில் கானாங்கெளுத்தி என்பார்களே, அதுதான். எண்ணெய்ச் சத்துள்ள மீன். ஒயினின் புளிப்பு அந்த எண்ணெயை அறுத்துக்கொண்டு போகும் என்பது அவர் கணக்கு. வாயில் அது சரியாகத்தான் இருந்தது.

விருந்தில் அவர் சுவரோரம் நின்று முகங்களைப் பார்த்தார். மீன் சாப்பிட்டபோது எல்லோரும் தலையாட்டினார்கள். கோப்பையை எடுத்து ஒரு வாய் விழுங்கினார்கள். விழுங்கின பிறகு ஒவ்வொரு முகமாகச் சுருங்கியது. ஒரு அம்மாள் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டே, "துருப்பிடிச்ச ஆணியை நக்கினது போல இருக்கே" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள். தட்டுகள் மீனோடு திரும்பி வந்தன.

மறுநாள் ஹெர்பர்ட் அவரை உட்கார வைத்துக் கேட்டார்.

"உண்மையைச் சொல்லு. நீ முழுங்கிப் பாத்தியா?"

"மீனை முழுங்கினேன் சார்."

"ஒயினை?"

"துப்பிட்டேன்."

ஹெர்பர்ட் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "கல்யாணம் பண்ணி வைக்கிறேன்னுட்டுப் பொண்ணை வாசப்படியிலயே நிக்க வெச்சிட்டியே மேன். பாட்டில் நல்லதா கெட்டதான்னு பாக்க வாய் போதும். சாப்பாட்டோட சேருதான்னு பாக்கணும்னா கீழ போகணும். போனப்புறம் உள்ள இருந்து மூக்குப் பக்கம் ஒரு மூச்சு வரும் பாரு, அதுலதான் எல்லாம் இருக்கு. அந்தத் துரு வாசனையும் அங்கதான் இருந்துது."

இளங்கோவன் வீட்டில் கொடுத்திருந்த வாக்கு ஹெர்பர்ட்டுக்குத் தெரியும்.

"தப்பா எடுத்துக்காத. உனக்கு முடியாதுன்னா நான் பரத்துகிட்ட குடுத்துடறேன். நீ பழையபடி பாட்டிலை மட்டும் பாத்துக்க. யாரும் உன்னை ஒண்ணும் சொல்லப்போறதில்ல."

மரியாதையாக வெளியே வர ஒரு வழி திறந்துதான் இருந்தது. பின்னாளில் இளங்கோவனை அரித்தது இதுதான். யாரும் அவர் வாயைத் திறந்து ஊற்றவில்லை. ஆனால் அந்த நிமிஷம் அவருக்குத் தெரிந்ததெல்லாம், விருந்தாளிகள் இனி பரத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதுதான்.

"வேணாம் சார். நானே பாக்கறேன்."

அடுத்த நாள் முற்பகல், அதே மூலை. சொம்பு பக்கத்தில் காலியாக இருந்தது. தக்காளியும் சர்க்கரையும் சேர்ந்த சாஸில் புரட்டின இறால் வந்தது. தின்றுவிட்டு ஒயினை விழுங்கினார். சாஸின் இனிப்பு ஒயினின் உயிரை உறிஞ்சி, எலுமிச்சை பிழிந்த தண்ணீர் போல ஆக்கிவிட்டது. மிளகாய்க் கோழியோடு விழுங்கினால் காரம் தொண்டையில் இரண்டு மடங்கு எரிந்தது. கொத்தமல்லிச் சட்னி தடவிச் சுட்ட பனீர் பரவாயில்லை. பச்சை வாசனையும் பச்சை வாசனையும் கைகோத்துக்கொண்டன. கடைசியாக வஞ்சிரம். மசாலா கிடையாது. உப்பு, எலுமிச்சம்பழம், கல்லில் கொஞ்சம் வெண்ணெய், அவ்வளவுதான். ஒரு துண்டு சாப்பிட்டு ஒயினை விழுங்கினார்.

எலுமிச்சையின் புளிப்புக்கு முன்னால் ஒயினின் புளிப்பு அடங்கி உருண்டு போயிற்று. உப்பு அதை இன்னும் மெதுவாக்கியது. அது இறங்கிய பிறகு, ஹெர்பர்ட் சொன்ன மூச்சு வந்தது. வெட்டின புல், கொய்யா, எல்லாம் மீனின் இனிப்போடு கலந்து மூக்கின் பின்புறத்தில் எழுந்து, நின்று, மெல்ல மெல்லத் தேய்ந்தது. இத்தனை வருஷமாக ஒரு வீட்டின் வாசலில் நின்று, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று தோன்றியது.

சரிபார்க்க இன்னொரு துண்டு, இன்னொரு மடக்கு. சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு மீன் தீர்ந்துவிட்டது. கோப்பையின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் சரிபார்க்க ஒன்றும் இல்லை. யாராவது இந்தப் பக்கம் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, அதையும் குடித்தார்.

அந்தப் பார்வைதான் அவரைச் சுட்டது. வேலைக்காக விழுங்குகிறவன் கதவைப் பார்ப்பானா?

மதிய ஷிப்டுக்கும் ராத்திரி ஷிப்டுக்கும் நடுவில் வீட்டுக்கு வருவது வழக்கம். அன்று பஸ்ஸில் சோம்பு மென்றுகொண்டே வந்தார். தெருக்குழாயில் ஜானகி குடம் வைத்திருந்தாள். நர்சரிப் பள்ளியில் ஆயா வேலை அவளுக்கு, மதியமே வந்துவிடுவாள். பக்கத்தில் முத்தம்மா.

"எங்க வீட்டுக்காரரு நாளெல்லாம் அதுலயேதான் நிக்கறாரு. ஒரு சொட்டு? ம்ஹூம். மனசு இருந்தா முடியும் முத்தம்மா. உங்க ஆளும் இப்ப விட்டுட்டாரில்ல, அப்படியே இருக்கட்டும்" என்று ஜானகி சொல்லிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும், "இதோ, பேசும்போதே வந்துட்டாரு" என்று சிரித்தாள். அவர் குடத்தைக்கூடத் தூக்கித் தராமல் உள்ளே போய் முகம் கழுவினார்.

அதற்குப் பிறகு வாரா வாரம் புதுப் பதார்த்தம் சேர்த்தார்கள். வாரா வாரம் விழுங்கினார். ஒவ்வொரு தடவையும் கடைசியில் அந்த வேலையில்லாத ஒரு மடக்கும் இருந்தது. மிச்சத்தைச் சொம்பில் கொட்டிவிட வேண்டும் என்று ஓட்டலுக்குப் போகும்போதே நினைத்துக்கொண்டு போவார். வீட்டில் ஜானகியோடு பேசும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளப் பழகினார்.

வைகாசி பௌர்ணமி நெருங்கியது. ஒரு மத்தியானம் கோவிந்தப்பா வாசலுக்கு வந்து நின்றான். தலை வாரி, சட்டை மாற்றியிருந்தான்.

"அண்ணா, இந்த வருஷம் தேருக்குக் கை குடுக்கலாமான்னு கேக்க வந்தேன். போன தீபாவளிக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். முத்தம்மாவக் கேட்டுக்க."

"அதெல்லாம் எதுக்கு. தாராளமா வா."

"அப்படி சும்னே, ஒப்புக்குச் சொல்லாத. உன் மூக்குதான் நமக்கு கோர்ட்டு. பாத்துச் சொல்லு." கிட்டே வந்து, வாயை அகலத் திறந்து, அவர் முகத்தில் ஊதினான். ராகிக் களி, மீன், பூண்டு. வேறொன்றும் இல்லை. "மீன் துன்னேன். அது மொதல் சீலத்துல, உயிரக் கொல்லக்கூடாதுன்றதுல, வருமான்னு நீதான் சொல்லணும். வந்துச்சுன்னா சங்கத்துல ஆளே மிஞ்ச மாட்டாங்க."

இளங்கோவன் சிரிக்க முயன்றார். சிரித்தால் மூச்சு வெளியே வரும். அன்றைக்கும் ஓட்டலில் ஒரு மடக்கு உள்ளே இறங்கியிருந்தது. உதட்டை மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார். இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முதுகு முட்டியது. கோவிந்தப்பா அவரை ஒரு கணம் பார்த்தான். "சரிண்ணா, வரேன்" என்று போய்விட்டான்.

பௌர்ணமியன்று காலை கூடம் நிறைந்திருந்தது. இளங்கோவன் முன்னால் நின்றார். உயிரைக் கொல்லாதிருப்பேன் என்றார். கூடம் திருப்பிச் சொன்னது. களவு செய்யாதிருப்பேன். தகாத காமத்தை விலக்குவேன். பொய் பேசாதிருப்பேன். கூடம் நான்காவதையும் திருப்பிச் சொல்லி முடித்து ஐந்தாவதற்குக் காத்திருந்தது.

பொய் பேசாதிருப்பேன் என்ற சொல் இன்னும் அவர் வாயிலேயே இருந்தது. அதன் மேலேயே அடுத்ததைச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மின்விசிறி சத்தம் கேட்டது. மறந்துவிட்டார் என்று நினைத்து, சங்கச் செயலாளர் அர்ஜுனன் பக்கத்திலிருந்து முதல் சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுத்தார். இளங்கோவன் தலையை அசைத்தார். மறக்கவில்லை என்பதற்கும் முடியாது என்பதற்கும் அந்த ஒரே அசைவுதான்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "மதியை மயக்குவதை விலக்கி நடப்பேன்." ஜானகி. நடுங்காத குரல். அவள் சிலையைத் தவிர யாரையும் பார்க்கவில்லை. கூடம் அவளைப் பின்பற்றிச் சொல்லி முடித்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அவள் கேட்டாள்.

"கீழ போச்சா?"

"போச்சு."

"வேலைக்கா?"

"மொதல்ல வேலைக்கு. அப்புறம்..." அவர் நிறுத்தினார். "கடைசில கொஞ்சம் நானா."

ஜானகி தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"நல்லா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவருக்கும் அது எளிது.

"இருந்துச்சு."

"எங்கப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்ல. கசக்குது, கசக்குதுன்னு சொல்லித்தான் குடிப்பாரு." அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "குழாயடியில நான் பேசினப்ப நீங்க கேட்டுக்கிட்டுதானே வந்தீங்க?"

"கேட்டேன்."

"கேட்டும் பேசாம உள்ள போனீங்க." அவள் காலை மடக்கிக்கொண்டாள். "கோவிந்தப்பாகிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க. நான் சொல்லமாட்டேன்."

தேர் கிளம்புவதற்கு முன் அவர் எதிர் வீட்டுக்குப் போனார். கோவிந்தப்பா தேருக்குச் சாமந்திச் சரம் கட்டிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னார். அன்றைக்குத் தேருக்குப் பக்கத்தில் அவனைப் பேசின அதே குரலில் அவன் தன்னைப் பேச வேண்டும் என்று அவருக்கு இருந்தது. பேசினால் சமமாகிவிடும்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணா" என்றான் கோவிந்தப்பா, சரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் ஊதினப்ப நீ மூச்ச அடக்கினே பாரு, குடிச்சவன்தான் அப்படி அடக்குவான். முத்தம்மாகிட்ட நான் எத்தன வருஷம் அடக்கியிருக்கேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லி? நான் தேர்ல கை வெச்சா எனக்குப் போதும். அந்தக் கத்திரிய எடு."

இளங்கோவன் கத்திரியை எடுத்துக் கொடுத்தார். அன்று தேர் போனபோது அவர் வீட்டு வாசலோடு நின்றுவிட்டார்.

விருந்து வேலையை மறுவாரமே பரத்திடம் கொடுத்துவிடச் சொல்லி ஹெர்பர்ட்டிடம் கேட்டார். ஹெர்பர்ட் காரணம் கேட்கவில்லை. வஞ்சிரமும் அந்த வெள்ளை ஒயினும் ஓட்டலில் பல வருஷம் பெயரோடு ஓடின. அதைப் பொருத்தினது பரத் என்று புதியவர்கள் நினைத்தார்கள், இளங்கோவன் திருத்தவில்லை. பழையபடி சொம்பை வைத்துக்கொண்டு பாட்டில் பார்த்தார். துப்பும்போது, எதைத் துப்புகிறோம் என்று இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது. முன்பு அது தெரியாமல் துப்பினதை ஒழுக்கம் என்று எண்ணி ஒருவன் கையைத் தேரிலிருந்து தட்டிவிட்டோம் என்பதும்.

சங்கத்தை விட்டு விலகும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஜானகிதான் அவரைக் கூப்பிட்டாள்: "வாங்க. பின்னாடி உக்காருங்க." அர்ஜுனன் முன்னால் நின்று சொல்ல, இளங்கோவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களோடு நான்கு சீலத்தையும் சொல்வார். ஐந்தாவது வரும்போது வாயை மூடிக்கொள்வார். அந்த இடம் வந்ததும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், பெண்கள் பக்கத்திலிருந்து ஜானகி ஒரு தடவை திரும்பி, அவர் உதடு அசைகிறதா என்று பார்ப்பாள்.